முதல் ஓலை

ஃப்ளோரா பாங்கிலிருந்து வெளியே வந்ததை மர்சலின் பார்த்தாள்.

நூல்கண்டும் பட்டனும் வாங்கக் கச்சேரி ரோட்டுக்கு வந்தவள் மர்சலின். தூறல் வலுக்கவே வழக்கமான கடைக்குப் போகாமல் எதிர்வரிசையில் ஒரு சாய்பு கடைப் படியில் ஏறி நின்றாள். அங்கிருந்து பார்த்தால் தனவிருத்தி பாங்கின் வாசல் நேரே தெரியும்.

ஃப்ளோரா புடவைத் தலைப்பால் தோளைப் போர்த்தியிருந்தாள். அதற்கடியில் எதையோ இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, பச்சைப்பிள்ளையைத் தூக்கி வருகிறவள் மாதிரி படி இறங்கினாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கை தட்டி ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டாள். மர்சலினுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. கச்சேரி ரோட்டிலிருந்து சாந்தோமுக்கு ரிக்‌ஷா ஏறுகிறவள் இல்லை அவள். காய்ச்சலோடுகூட நடந்தே வருவாள்.

"ஃப்ளோரா!"

ஃப்ளோராவின் முகம் ஒரு நிமிஷம் செத்துவிட்டு உயிர் வந்தது. "அக்கா! நீங்களா?"

"பாங்குல என்ன வேலை?"

"அவருக்குச் சாப்பாடு குடுக்க வந்தேங்க்கா. காலையில மறந்துட்டுப் போயிட்டாரு."

"கேரியர் எங்கே?"

"உள்ளேயே வச்சிட்டேன். அவரே சாயங்காலம் எடுத்தாந்துடுவாரு. மழை வருதுக்கா, நான் வரேன்."

"நானும் வீட்டுக்குத்தானே. ரிக்‌ஷாவுல எடம் இருக்குமில்ல?"

"ரெண்டு பேரை ஏத்தமாட்டான்க்கா."

"யார் சொன்னா?" என்றான் ரிக்‌ஷாக்காரன். "ரெண்டு பேரு தாராளமா குந்தலாம்மா. நீயும் ஏறு."

"இல்ல, நான் வேற எடத்துக்குப் போவணும்," என்றாள் ஃப்ளோரா அவசரமாக.

"இப்பதான சாந்தோம்னு சொன்ன?"

"நீ போப்பா," என்று ஃப்ளோரா ஏறி உட்கார்ந்தாள்.

ரிக்‌ஷா போய்விட்டது. மர்சலின் மழையில் நடந்தாள். பட்டன் வாங்க வந்ததை மறந்துபோனாள்.

ஃப்ளோரா அவளுக்கு ஓரகத்தி. ஃப்ளோராவின் புருஷன் லூயிஸ் அந்த பாங்கில் கேஷியர். மர்சலினின் புருஷன் ஆரோக்கியநாதன் லூயிஸின் அண்ணன், கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாந்தோம் கோயிலுக்குப் பின்னால், கடல் இரைச்சல் ஓயாமல் கேட்கும் சந்தில், அப்பா விட்டுப்போன வீட்டை நடுவில் சுவர் வைத்து அண்ணனும் தம்பியும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கிணறு மட்டும் பொது. கிணற்றடியில் ஃப்ளோரா கழுவப் போடும் சட்டியைப் பார்த்தே அன்றைக்கு அந்த வீட்டில் என்ன குழம்பு என்று மர்சலின் சொல்லிவிடுவாள். பார்க்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைப்பாள்.

கிழக்குப் பாதி ஃப்ளோராவுக்குப் போனது. கடல் காற்று அங்கேதான் வரும். போன வருஷம் லூயிஸ் தன் பாதிக்கு மட்டும் எலெக்ட்ரிக் விளக்குப் போட்டுக்கொண்டான். அண்ணனுக்கும் சேர்த்துப் போடுவான் என்று ஆரோக்கியநாதன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சாயங்காலமானால் சுவருக்கு மேலாக ஒரு மஞ்சள் வெளிச்சம் மர்சலினின் முற்றத்தில் விழும். அந்த வெளிச்சத்தில், கண்ணை இடுக்கிச் சுவரின் மேல்விளிம்பைப் பார்த்தபடி அவள் துணி மடிப்பாள். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவளுக்கென்று இருந்தது ஒரு தையல் மெஷின். கிறிஸ்மஸ் கவுன், கோயிலில் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்குக் கவுன், கான்வென்ட் பிள்ளைகளின் யூனிபாரம் என்று வருஷம் பூராவும் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்திருந்தது. அதில் வந்ததைத்தான் மகள் கிளாடிஸின் கல்யாணத்துக்கென்று தனவிருத்தியில் போட்டு வந்தாள். லூயிஸ்தான் கேட்டான். "நம்ம பாங்குலயே போடுங்க அண்ணி, நாலு பேரைச் சேத்துவிட்டா எனக்கும் நல்ல பேரு." அவளும் நாலு பேரைச் சேர்த்துவிட்டாள். மீன்காரி தேவானைகூட அவள் சொல்லித்தான் பணம் போட்டாள். கிளாடிஸின் கணக்கு ஆரோக்கியநாதன் பேரில் இருந்தது. உழைப்பு மர்சலினுடையது, கையெழுத்து அவருடையது.

கிளாடிஸுக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. ஆகஸ்ட் மாசம் ஹார்பரில் குமாஸ்தாவாக இருக்கும் பிலிப்புக்காக அவன் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஆட்டுக்கறிக் குழம்பும் வெள்ளாப்பமும் சாப்பிட்டாள். இரண்டு தரம் குழம்பு வாங்கி ஊற்றிக்கொண்டாள். "சொல்லி அனுப்புறோம்," என்றாள். தீபாவளியும் போய்விட்டது, இன்னும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அன்று சாயங்காலம் ஆரோக்கியநாதன் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். கிளாடிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கவுனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தம்பி பொண்டாட்டி பணத்தை எடுத்துட்டா," என்றாள் மர்சலின்.

"எந்தப் பணத்தை?"

"பாங்குல இருக்கறதை. பூராவும்."

"நீ பாத்தியா?"

"மூட்டையைப் பாத்தேன்."

"அரிசியா இருந்திருக்கும்."

"அது என்ன ரேஷன் கடையா, அரிசி போடறதுக்கு?" மர்சலின் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "நல்லா கேட்டுக்கோங்க. கேஷியர் பொண்டாட்டியே எடுத்துட்டான்னா என்ன அர்த்தம்? பாங்கு மூழ்கப் போவுது. உங்க தம்பிக்குத் தெரிஞ்சிருக்கு. பொண்டாட்டிக்குச் சொல்லிட்டாரு, அண்ணனுக்குச் சொல்லல."

"லூயிஸ் அப்படிச் செய்யமாட்டான்."

"கரண்டு வந்தப்பவும் இதேதான் சொன்னீங்க."

அவர் ஒரு பேப்பரில் மார்க் போட்டார். ஜன்னலோரத்தில் கிளாடிஸின் ஊசி ஒரு கணம் துணிக்கு மேலே நின்றது. பிறகு இறங்கியது.

"நாளைக்குப் போயி நம்ம பணத்தை எடுங்க," என்றாள் மர்சலின்.

"அவன் மேஜைக்கு முன்னாடி போயி நிக்கணும். தம்பி, உன்மேல நம்பிக்கை இல்ல, பணத்தைக் குடுடான்னு கேக்கணும். அதானே சொல்றே?"

"அது போச்சுன்னா இவ கல்யாணத்துக்கு எங்கேர்ந்து வரும்? உங்க பேப்பரை எடைக்குப் போட்டா வருமா?"

"கத்தாதே. சுவத்துக்கு அந்தாண்ட கேக்கும்."

"கேக்கட்டும்."

ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் லூயிஸ் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். மர்சலின் குடத்தோடு போனாள்.

"லூயிஸ், ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும். பாங்கு நல்லா இருக்கா?"

"நல்லாத்தானே அண்ணி இருக்கு. ஏன்?"

"நேத்து ஃப்ளோரா வந்தாளா?"

இறைத்த வாளியைக் கீழே வைக்காமல் அவன் தன் வீட்டுக் கதவைப் பார்த்தான். "வந்தா. சாப்பாடு குடுக்க."

"என்ன சாப்பாடு?"

"ரசம் சாதம்."

"நேத்து உங்க வீட்ல நெத்திலிக் குழம்புல்ல?"

"ஆமா அண்ணி. குழம்புதான்." வாளித் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

மர்சலினுக்கு இனி ஒரு சந்தேகமும் இல்லை. பொய் சொல்லத் தெரியாதவன் லூயிஸ். அவன் பொய் சொல்கிறான் என்றால் பெரிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும்.

தேவானை வந்தபோது மழை விட்டிருந்தது. பட்டினப்பாக்கத்துக் குப்பத்திலிருந்து தலையில் கூடையோடு தினம் வருகிறவள். வாசலில் கூடையை இறக்கி ஈரக் கோணியை விலக்கினாள்.

"சங்கரா கீது, காரப்பொடி கீது. கடலு ரொம்ப கொந்தளிக்குது வாத்தியாரம்மா, இதுவே கெடைச்சது பெருசு. இன்னா, மொகம் இப்படிக் கீது? ராத்திரி தூங்கலியா?"

"உன் பணத்தை எங்கே வச்சிருக்கே தேவானை?"

"இன்னா கேள்வி இது? நீதான கூட்டிம்போயி அந்த பாங்குல போட வச்ச. ஊட்ல வச்சா அந்தாளு குடிச்சிட்டு வந்து ஆட்டம் போடறான்னு."

மர்சலின் ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பாகத்தான் இருந்தது. "நான் ஒண்ணும் சொல்லலே. எனக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணால பாத்ததை மட்டும் சொல்றேன்."

சொன்னாள். முழுசாகக்கூடச் சொல்லவில்லை. தலைப்புக்கடியில் இருந்த மூட்டையை, ரிக்‌ஷாவை, இல்லாத கேரியரை. சொல்லச் சொல்ல நெஞ்சில் ராத்திரி முழுதும் அடைத்துக் கிடந்தது இளகியது. பயம்தான் இளகுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"கேஷியரு பொஞ்சாதியா? அந்த எலெக்ட்ரிக் லைட்டு ஊட்டுக்காரியா?"

"நான் சொன்னேன்னு எங்கேயும் சொல்லாதே."

"நான் ஏம்மா சொல்லப் போறேன்," என்று தேவானை கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். மர்சலின் எடுத்துவைத்த மீனுக்குக் காசு வாங்க மறந்துவிட்டாள்.

மர்சலின் திரும்பினாள். கிளாடிஸ் கதவோரம் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கால் மிதியில் இருந்தது, மிதிக்கவில்லை.

"என்ன பாக்கறே? அந்தக் கையை ஜாயின் பண்ணி முடி."

மெஷின் ஓட ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை தேவானை கூடையில்லாமல் வந்தாள். புடவையெல்லாம் சேறு. முகத்தில் ஒரு கல்யாணக் களை.

"வாங்கியாந்துட்டேன் வாத்தியாரம்மா! பூரா காசும். உன் கொழுந்தன்தான் எண்ணிக் குடுத்தாரு. மொகத்துல ஈ ஆடல. வெளிய வந்து மடியைத் தட்டிக் காட்டினேன் பாரு, எனக்குக் குடுத்துட்டாங்கோன்னு. அவ்ளோதான். வரிசையில நின்னுக்கினு இருந்த ஜனம் அப்படியே பூந்துடுச்சி. துணிக்கடைக்காரரு ஒருத்தரு வண்டி கட்டிக்கினு வந்துட்டாரு பணம் ஏத்த. நீ எப்ப போன? காலையிலயேவா?"

மர்சலின் செருப்பைத் தேடினாள்.

"அய்யய்யோ, நீ இன்னும் போலியா?"

மர்சலின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். ஆரோக்கியநாதன் வகுப்பிலிருந்து வராந்தாவுக்கு வந்தார். கையெல்லாம் சாக்கட்டித் தூள்.

"அவன்தான் நேத்து ராத்திரியும் சொன்னானே. ஒண்ணுமில்லன்னு."

"ஊரே போயி நிக்குது. மீன்காரி வாங்கிட்டா. வாத்தியார் பொண்டாட்டி இங்க நின்னு கெஞ்சிக்கிட்டு இருக்கேன்."

பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு. வரேன். இப்ப போ."

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. ஆரோக்கியநாதன் கோட்டு போட்டுக்கொண்டார். ஒரே குடையில் இருவரும் கச்சேரி ரோடு வழியாகப் போனார்கள். பாங்கு வாசலில் கூட்டம் தெருவை அடைத்திருந்தது. டிராமுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி ஒதுங்கிப் போனார்கள். கோஷா போட்ட பெண்கள், பூக்காரிகள், குடுமி வைத்த கிழவர்கள், கோயிலில் வாரா வாரம் பார்க்கும் முகங்கள். சிலர் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து நின்றபடியே தின்றார்கள்.

பியூன் மெஹபூப் பாஷாவிடம் பித்தளை டோக்கன்கள் தீர்ந்துவிட்டன. பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து நம்பர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மழையில் நம்பர் கரைந்தது. கரைந்தவர்கள் எல்லாரும் தங்கள் நம்பர் ஐந்து என்றார்கள்.

"அஞ்சாம் நம்பருக்கு அஞ்சு ஆளா? நம்மளுக்குக் கண்ணு இல்லியா?" என்று அவன் கத்தினான்.

உள்ளே பாங்கை நடத்தும் ஏஜெண்டு அனந்தராமன் ஸ்டூல்மேல் ஏறி நின்றார்.

"தயவு பண்ணி கேளுங்கோ! உங்க பணம் எங்கேயும் போகலை. கடைக்காராள்ட்ட கடனா இருக்கு, வீடு கட்டறவாள்ட்ட இருக்கு. பெட்டியில போட்டுப் பூட்டிண்டு உக்காந்திருந்தா உங்களுக்கு வட்டி யார் தருவா? எல்லாரும் ஒரே நாள்ல வந்து நின்னா எந்த பாங்கு தாங்கும்? இன்னிக்கு ஆத்துக்குப் போங்கோ, திங்கட்கிழமை வாங்கோ."

"திங்கக்கிழமை நீ இருப்பியா சாமி?"

"உன் கேஷியரு ஏன் முன்னாடியே எடுத்துக்கினான்? அதுக்கு மொதல்ல பதிலு சொல்லு!"

அனந்தராமன் கம்பிக் கூண்டுப் பக்கம் திரும்பினார். "லூயிஸ், நீரே சொல்லும். இவா என்னை நம்பமாட்டா."

லூயிஸ் கூண்டுக்குள் எழுந்து நின்றான். ராத்திரியெல்லாம் தூங்காத முகம். "என் பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தேங்க. வேற ஒண்ணும் இல்ல. மாதா சத்தியமா."

கூட்டம் ஒரு நிமிஷம் அடங்கியது. கல்யாணம் என்றால் யாருக்கும் புரியும். நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது சாந்தோம் பெண் ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"எந்தப் பூசையில ஓலை வாசிச்சாங்க? நான் ஒரு ஞாயித்துக்கிழமை தவறினது கெடையாது. உன் பொண்ணு பேரைக் கேக்கலியே?"

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பேரும் மாப்பிள்ளை பேரும் வாசிப்பார்கள். அதுதான் ஓலை. முதல் ஓலை வாசிக்கிறவரை பேச்சை வெளியே விடுவதில்லை. இடையில் முறிந்தால் பெண் பேர் கெடும். ஓலை வாசித்தபிறகு ஊருக்கே தெரிந்த கல்யாணம். வாசிக்காதவரை அப்படி ஒன்று இல்லவே இல்லை.

"நாளைக்குத்தாங்க முதல் ஓலை," என்றான் லூயிஸ்.

"நாளைக்கா! நாளைக்கு பாங்கு லீவு. நல்லா கீது கணக்கு!"

"மாப்பிள்ளை யாருப்பா? பேரைச் சொல்லு பாப்போம்!"

லூயிஸ் வாயைத் திறந்தான். கூட்டத்துக்கு மேலாக ஓடிய அவன் கண் மர்சலின்மேல் வந்து நின்றது. நனைந்த முக்காட்டோடு ஆரோக்கியநாதனுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். லூயிஸ் வாயை மூடிக்கொண்டான். குனிந்து முன்னால் இருந்த நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தான்.

"பேரு வரலியே! மாப்ள இனிமேதான் பொறக்கணும் போலக் கீது!"

சிரிப்பும் கூச்சலும் ஒன்றாக எழுந்தன. கூட்டம் முன்னால் தள்ளியது. கூண்டின் மரச்சட்டம் முறிகிற சத்தம் கேட்டது.

மர்சலினும் நம்பவில்லை. கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணம் நடக்கப்போய், அது தனக்குத் தெரியாமல் இருக்குமா? அவர்கள் எத்தனை மிளகாய் வறுக்கிறார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அதோடு லூயிஸின் மகள் ரெஜினா கிளாடிஸுக்கு இளையவள். அக்காள் இருக்கத் தங்கைக்கு எப்படி நடக்கும்? அப்படி நினைத்துக்கொண்டது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

தள்ளின தள்ளலில் ஆரோக்கியநாதன் கூண்டுக்கு முன்னால் போய் நின்றார். பணம் எடுக்கிற சீட்டு கையெழுத்துப் போட்டுக் கையில் இருந்தது. லூயிஸ் நிமிர்ந்தான்.

"அண்ணா. நீங்களுமா?"

ஆரோக்கியநாதன் சீட்டை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "இல்லடா," என்றார். "மழைக்கு ஒதுங்கினேன்."

திரும்பிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். அவர் விட்ட இடத்தில் ஒரு பூக்காரி புகுந்துகொண்டாள். மர்சலின் தடுக்கி விழுந்து எழுந்து தெருவுக்கு ஓடினாள். அவர் குடையைக்கூட விரிக்காமல் நடந்துகொண்டிருந்தார்.

"சீட்டைக் குடுங்க! அந்தச் சீட்டைக் குடுங்க எங்கிட்ட!"

அவர் நின்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் திரும்பி ஓடி வருவதற்குள் பாங்கின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் மெஹபூப் பாஷா பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"பணம் தீந்துபூட்சிம்மா. பொட்டி காலி."

"என் கொழுந்தன் உள்ளே இருக்காரு. அவரைக் கூப்பிடு."

"இன்னிக்கு ஊர்ல எல்லாருக்கும் உள்ள ஒரு சொந்தக்காரன் கீறான்மா," என்றான் மெஹபூப் பாஷா. அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவன் சம்பளமும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

அந்தக் கதவு பிறகு திறக்கவில்லை.

ஞாயிறு பூசைக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். பணம் போனவர்கள் சீக்கிரமே வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் மர்சலினும் கிளாடிஸும் தூணோரம். அவர்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஃப்ளோராவும் ரெஜினாவும். பிரசங்கம் முடிந்து சுவாமியார் ஒரு தாளை எடுத்தார். மழைச்சத்தத்துக்கு மேலாக வாசித்தார்.

"இந்தப் பங்கைச் சேர்ந்த அந்தோணியின் மகன் பிலிப்புக்கும், இதே பங்கைச் சேர்ந்த லூயிஸின் மகள் ரெஜினாவுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. இது முதல் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்."

கோயிலில் ஒரு முனகல் பரவியது. "பாத்தியா, பொண்ணு கல்யாணத்துக்குச் சுருட்டிக்கிட்டுத்தான் கதவை மூடினான்," என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். மர்சலினுக்கு அது காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. அங்கே ஒரே ஒரு பேர்தான் இருந்தது. பிலிப். இரண்டு தரம் குழம்பு வாங்கி ஊற்றிக்கொண்டவளின் மகன். அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது, மெதுவாக, காலடியில் தண்ணீர் ஏறுகிற மாதிரி. ரிக்‌ஷா. மூட்டை. கூண்டுக்குள் வாயைத் திறந்து மூடிக்கொண்ட லூயிஸ்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஃப்ளோரா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, பரங்கிமலையில எங்க அம்மா வீட்ல வச்சுப் பாத்தாங்க. நாங்களா போயிக் கேக்கலக்கா, சத்தியமா. அவங்களேதான் வந்தாங்க. உங்க மொகத்தைப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு எனக்கு நாக்கே எழல. ஓலையில கேட்டுத் தெரிஞ்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன். அவரும் நேத்து அத்தனை பேருக்கு நடுவுல உங்களை வச்சுக்கிட்டு அந்தப் பேரை எப்படிச் சொல்லுவாரு? எந்தப் பாவி கிளப்பிவிட்டாளோ அக்கா, அவ வாய் அழுவ. வேலையும் போச்சு, பேரும் போச்சு."

மர்சலின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"நகை வாங்கிட்டியா?" என்று கேட்டாள்.

ஃப்ளோரா திகைத்தாள். "ஆங்... அன்னிக்கே தட்டார்கிட்டக் குடுத்துட்டோம்க்கா. ரிக்‌ஷாவுல நேரா அங்கதான் போனேன்."

"நல்லது."

கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆரோக்கியநாதன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். தம்பியோடு பேசாமல் உட்கார்ந்திருக்க. உலை வைக்கவேண்டும் என்று மர்சலினுக்குத் தோன்றியது. உட்கார்ந்தே இருந்தாள். கிளாடிஸ் முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிலிப்பாம்," என்றாள் மர்சலின்.

"தெரியும்மா."

"இப்ப எல்லாருக்கும்தான் தெரியும்."

"எனக்குப் போன மாசமே தெரியும். ரெஜினா சொன்னா. கிணத்தடியில, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. யார்கிட்டயும் சொல்லாதேக்கான்னா."

மர்சலின் அவளைப் பார்த்தாள். "அப்ப, சித்தி பணம் எடுத்தது எதுக்குன்னு..."

"தெரியும்."

"நான் தேவானைகிட்டச் சொன்னப்போ?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடீ?" மர்சலின் முறத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "நீ சொல்லியிருந்தா நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேனே. உன் பணம்டீ அது. உன் கல்யாணத்துக்குடீ."

கிளாடிஸ் ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் போட்டாள். இன்னொன்றைத் தேடினாள்.

"அது ஞாபகத்துக்கே வரலம்மா. சித்தப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தக் கல்யாணம் நின்னுடும், நிக்கட்டும்னு மட்டும்தான் தோணிச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். வாளி கிணற்றில் இறங்கும் சத்தம் கேட்டது. கிளாடிஸ் கை வேலையை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நிக்குமாம்மா?"

"நிக்காது," என்றாள் மர்சலின். "நகைக்குக் குடுத்துட்டாங்க."

கிளாடிஸ் தலையை ஆட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கிச் சுவரின் மேல்விளிம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அரிசியைப் புடைக்கத் தொடங்கினாள்.

கிளாடிஸ் அப்படியே அப்பா ஜாடை என்றுதான் சந்தில் எல்லாரும் சொல்வார்கள். மர்சலினும் இத்தனை வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.